முதுமைக்கு உரிய இடம்

பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்து வாழும் குடும்பங்களில் ஒரு வினா ஆண்டுதோறும் கனம் கூடி வருகிறது. முதுமையுற்ற பெற்றோர் எங்கே வாழ்வது? ஊரில் தனித்தா, தீவில் நம்முடனா, முதியோர் இல்லத்திலா? இம்மூன்றில் எது அறம்?

முதியோர் இல்லம் என்றதும் நம்மவர் முகம் சுளிப்பது இயல்பு. ஆயினும் இல்லங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சென்னையில் 1978 இல் சாவித்திரி வைத்தி அவர்கள் தோற்றுவித்த விஸ்ராந்தி, ஆதரவற்ற முதிய பெண்களுக்காக எழுந்தது. இன்று கோவையைச் சுற்றி எழுந்துள்ள முதியோர் குடியிருப்புகளோ வேறு வகையின. அங்கே ஓய்வு பெற்றோர் தம் பொருளில் வீடு கொண்டு, சமைத்த உணவும் மருத்துவ உதவியும் பெற்று வாழ்கின்றனர். தாமே விரும்பிச் சென்றவரைக் கைவிடப்பட்டவர் என்று எவ்வாறு கூறுவது?

உடன் வைத்துக் காப்பதே உத்தமம் என்பர். நன்று. ஆனால் போர்ட் பிளேரில், அதாவது 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நம் நகரில், ஓர் அரசுக் குடியிருப்பின் பகற்பொழுதை எண்ணிப் பாருங்கள். மகனும் மருமகளும் அலுவலகத்தில், பிள்ளைகள் பள்ளியில், தெருவில் ஒலிப்பன இந்தியும் வங்காளமும். என் தாயார் நான்கு திங்கள் என்னுடன் தங்கினார். ஊருக்குப் புறப்படுமுன் அவர் சொன்னது இவ்வளவே: "எல்லாம் இருக்குதய்யா, என்னைத் தேடி வரத்தான் ஒருத்தரும் இல்லை." சோறும் கூரையும் குறைவின்றி இருந்தும் முதுமைக்கு ஒரு பசி எஞ்சுகிறது என்பதை அச்சொல் உணர்த்திற்று.

அவ்வாறாயின் ஊரில் விட்டுப் பணம் அனுப்பினால் கடமை தீருமா? கப்பலில் சென்னை ஏறத்தாழ மூன்று நாள் தொலைவு. விமானம் விரைவாயினும், நள்ளிரவில் வரும் நெஞ்சுவலிக்கு அதுவும் தொலைவே. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கென நாடாளுமன்றம் 2007 இல் ஒரு சட்டம் இயற்றியது. திங்கள்தோறும் 10,000 ரூபாய் வரை பிள்ளைகளிடமிருந்து பெற்றுத் தர அது இடமளிக்கிறது. கைவிடுவோர்க்கு மூன்று திங்கள் வரை சிறைத் தண்டனையும் விதிக்கிறது. வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லத்தை மாவட்டந்தோறும் அரசு அமைக்க வழி கூறுகிறது. சட்டம் பொருளைப் பெற்றுத் தரும். பேச்சுத் துணையைப் பெற்றுத் தருமா?

ஆதலின் அறம் இடத்தைப் பொறுத்ததன்று. அவ்விடத்தைத் தேர்ந்தவர் யார் என்பதைப் பொறுத்தது. பெற்றோரைக் கேளாமல் நம் வசதிக்காக வைத்துக்கொள்வதும், நம் வசதிக்காக விட்டுவிடுவதும் ஒன்றே. அவர்தம் விருப்பத்தைக் கேட்டு, அது நிறைவேறத் துணை நிற்பதே மகவின் கடன். ஜப்பான் 2000 இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நெடுங்காலப் பராமரிப்புக் காப்பீடு, முதியோர் தம் வீட்டிலிருந்தே உதவி பெறவும் வழி செய்கிறது. செல்வம் மிக்க நாடும் முதியோர் விருப்பத்துக்கு மதிப்பளிக்கிறது என்பது கருதத்தக்கது.

இவ்வினா நம் பெற்றோருடன் முடிவதன்று. அறுபதாம் அகவையில் குடியிருப்பின் சாவியை ஒப்படைத்து நாமும் வெளியேற வேண்டியவர்களே. இங்குப் பிறந்த நம் பிள்ளைகளுக்குப் பரமக்குடியும் அருப்புக்கோட்டையும் விடுமுறை ஊர்கள் மட்டுமே. நாம் இன்று காட்டும் வழியே நாளை நமக்கும் வாய்க்கும்.

பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கன சில உள. வாரத்தில் ஒரு பிற்பகல் சங்க மண்டபத்தை முதியோர்க்கெனத் திறந்து வைக்கலாம். பயணச் சலுகையில் ஊர் செல்வோர், இங்குள்ள நண்பர் ஒருவரின் பெற்றோரையும் கண்டு ஒருவேளை உடன் உண்டு வரலாம். நம் அன்னையின் வாயிற்படியை இன்னொருவர் மகன் மிதிக்கட்டும். அவர் அன்னையின் வாயிற்படியை நாம் மிதிப்போம். தேடி வர ஆள் உள்ள இடமே முதுமைக்கு உரிய இடம். அதனை ஆக்குதல் நம் அனைவர்க்கும் இயல்வதன்றோ?