எந்த உடம்பை நினைத்து எழுதிய சட்டம்?

புதூர்நாட்டிலிருந்து வரும் நாட்டுத் துப்பாக்கி வழக்குகளில் பறிமுதல் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: ஒற்றைக்குழல் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள். திருப்பத்தூரில் வக்கீலாக இருக்கும் எனக்கு அந்தப் பால்ரஸைத் தாண்டிப் படிக்க முடிவதில்லை. சைக்கிள் சக்கரத்துக்குள் உருளும்வரை அது உதிரிபாகம்; குழலுக்குள் போனால் தோட்டா. உருக்கு அதே உருக்குதான். அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது?

நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது, எதற்காக மாற்றப்பட்டது என்று பார்க்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருளை ஆயுதமாக எண்ணுவதில்லை. அமெரிக்கா 1986-இல் கவசம் துளைக்கும் குண்டுக்கு வரையறை எழுதியபோது உலோகத்தைப் பார்த்தது: கைத்துப்பாக்கியில் போடக்கூடிய குண்டோ அதன் உட்கருவோ முழுக்க உருக்கு, டங்ஸ்டன் கலவை, பித்தளை, வெண்கலம் போன்றவற்றால் ஆனதா? ஈயம் அந்தப் பட்டியலில் இல்லை. 1899-இல் ஹேக் மாநாடு தடுத்ததோ நேர்மாறான குண்டை. கல்கத்தா அருகே டம்டம்மில் செய்த, உடம்புக்குள் போனதும் விரிகிற மென்முனைக் குண்டு அது. ஒரு சட்டம் கவசம் அணிந்த காவலரை நினைத்தது. மற்றது கவசமே இல்லாத சிப்பாயை. இரண்டும் நியாயமானவை. ஆனால் பட்டியலில் இல்லாத குண்டைச் செய்தவர் பாவமும் இல்லை என்று நினைத்துக்கொண்டால் அதை என்னால் ஏற்க முடியாது.

நான் போளூர்ப் பக்கத்து நயினார், அதாவது தமிழ்ச் சமணர், வீட்டுப் பெண். திருமலை நேமிநாதரைக் கும்பிட்டு வளர்ந்தவள். கொலைக்கருவியைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்பது சமண இல்லறத்தாரின் நோன்புகளில் அடங்கும். வாள் மட்டுமல்ல, கோடரியும் மண்வெட்டியும் நெருப்பும்கூட அதில் சேரும். மண்வெட்டி இரவல் தந்தாலும் பாவமா என்று சிறுவயதில் பாட்டியைக் கேட்டேன். “எதுக்குன்னு கேட்டுட்டுக் குடும்மா” என்றார். நீதிமன்றத்தில் எண்ணத்தை நிரூபிக்கச் சாட்சி வேண்டும். உலோகம் என்னவென்று ஆய்வுக்கூடமே சொல்லிவிடும். அதனால் சில சட்டங்கள் உலோகத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கொடுக்கும் கைக்கு அந்தச் சலுகை கிடையாது.

புதூர்நாட்டு மலையில் சாமை விதைத்தவர், காட்டுப்பன்றிக்காகத்தான் துப்பாக்கி வைத்திருந்தேன் என்கிறார். அவருக்காக வாதாடுகிறேன், பன்றியும் உயிர்தான் என்று அவரிடமும் சொல்கிறேன். “சாமை போயிட்டா புள்ளைங்க எதைத் தின்னும்மா?” என்று கேட்கிறார். தற்காப்பில் நேரும் இம்சைக்குச் சமணம் இல்லறத்தானுக்கு ஓரளவு இடம் தருகிறது. தகரம் தட்டி விரட்டும்போது பன்றிக்குக் காயம் பட்டால் அது அதில் அடங்கும் என்றே நினைக்கிறேன். குழலில் பால்ரஸ் நிரப்பி, அது வரட்டும் என்று இரவெல்லாம் காத்திருப்பது அடங்காது.