பரிசலும் பாடநூலும்

மேட்டூரை அடுத்த ஒரு தொடக்கப்பள்ளியின் கண்காட்சிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் அழைக்கப்பட்டிருந்தோம். மூன்றாம் வகுப்புச் சிறார் ஆற்றைப் பற்றிய பாடத்தைப் படித்தபின், அதில் வரும் பரிசலைத் தம் கையால் செய்துவர வேண்டும் என்பது ஏற்பாடு. வெள்ளித்தாள் ஒட்டி, சிறு விளக்குகள் பொருத்திய ஒன்றுக்கு முதற்பரிசை நாமே வழங்கினோம். அது குழந்தையின் கைவேலையன்று, பெரியவர் ஒருவரின் இரவு நேர உழைப்பு என்பது பார்த்தவுடன் விளங்கியிருக்க வேண்டும். விளங்கியும் இருந்தது என ஒப்புக்கொள்வதே நேர்மை.

வரிசையின் கடைசியில், மூங்கிற் சிம்புகளைக் கோணலாகப் பின்னி உரச்சாக்குத் துண்டு போர்த்திய பரிசல் ஒன்று இருந்தது. செய்தவன் அணையில் மீன்பிடிக்கும் ஒருவரின் மகன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான் என ஆசிரியை தாழ்குரலில் கூறினார். அவனோ பாடநூலை விரித்து நீட்டி, “சாமி, படத்துல ரெண்டு துடுப்பு போட்டிருக்குதுங்க. எங்கப்பா ஒண்ணுதானுங்க போடுவாரு. எத்தனைன்னு எழுதியிருக்குதான்னு மூணு வாட்டி படிச்சுப் பாத்தேனுங்க, எழுதல” என்றான்.

வாசிக்கத் தெரியாதவன் என்று சொல்லப்பட்ட சிறுவன், ஒரு துடுப்பின் பொருட்டு மும்முறை வாசித்திருக்கிறான்!

புலன்களின் வாயிலாக நுழையாத எதுவும் அறிவில் இல்லை என்னும் கோட்பாட்டைக் குருமடத்தில் அக்குவினாஸ் வழியாகப் பயின்றோம், தேர்விலும் எழுதினோம். நம் திண்ணைப் பள்ளிகளோ அதை ஏட்டில் படிக்காமலே, மணலில் விரலால் எழுத்தை வரையவைத்தன. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாந்தேசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் தடவிப் பார்க்கச் செய்தவர். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலமெங்கும் பரவியது; அட்டைகளோடு குழந்தைகள் தரையில் அமர்ந்தனர், கரும்பலகையும் அவர்கள் உயரத்திற்கு இறங்கியது. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் இதே திசையில் தொடங்கியதே.

ஆயினும், வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் வாசிக்கும் நேரம் கரைகிறது என்று முறையிடும் ஆசிரியர்களை நாம் எள்ளி நகையாடோம். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. எத்தனையோ அட்டைப் பொம்மைகள் பாடத்தைப் புரட்டாமலே செய்து முடிக்கப்படுகின்றன. கைவேலை குழந்தையை மீண்டும் ஏட்டிடம் அனுப்பினால் அது வாசிப்பின் நீட்சி, அனுப்பாவிடில் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கும் தீதன்று, அதற்கு மதிப்பெண் இடுவதுதான் தவறு.

இதில் நீதியும் அடங்கியிருக்கிறது. வண்ணத்தாளும் பசையும் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையை, கடைச்சரக்கோடு போட்டியிடவைப்பது எவ்வகை அறம்? மேட்டூர்ப் பிள்ளைக்கு ஒரு குச்சியும் நாளிதழும் போதும். 1934-இல் கட்டிமுடிந்த அணையைப் பற்றிப் படித்தபின், குச்சியில் 120 அடிக்குக் கோடுகள் இட்டு, நாளிதழில் வரும் நீர்மட்டத்தை நாள்தோறும் தானே வாசித்துக் குறிக்கலாம். நீர் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கோவில் நந்தியும் நம் ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் தலைகாட்டும். அது எந்த அளவில் என்று கேட்கும் பிள்ளை, குறித்த தாள்களையெல்லாம் மறுபடியும் புரட்டத்தானே வேண்டும்?

மறு ஆண்டும் அழைப்பு வந்தது. செய்பொருள் எதுவாயினும் வகுப்பறையிலேயே, அங்கிருக்கும் பொருள்களைக் கொண்டே செய்யப்பட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் சென்றோம். அதை ஏற்றார்கள். அந்தச் சிறுவனிடம் மட்டும் நாம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.