நிறுத்தியிருந்த காரும் நிலுவையில் நிற்கும் கடனும்

 

ஒரு ஜும்ஆவுக்குப் பின், கூட்டம் கலையும் வரை காத்திருந்த வாலிபர் ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுபவர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார். இரவு ஷிஃப்ட் முடிந்து வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, சாலையோரம் நிறுத்தியிருந்த கார் ஒன்றில் இடித்து விட்டாராம். கதவு நசுங்கி, பக்கக் கண்ணாடி உடைந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை, வந்து விட்டார். மனம் உறுத்தவே, மறுநாள் பள்ளிவாசல் உண்டியலில் 500 ரூபாய் போட்டாராம். "அது போதும்தானே ஹஜ்ரத்?" என்பதே அவர் கேள்வி.

போதாது என்றேன். அவர் முகம் வாடியது.

"நான் வேண்டுமென்று இடிக்கலையே" என்றார். உண்மைதான். அறியாமல் நேரும் தவறுக்காக அல்லாஹ் இந்த உம்மத்தைக் குற்றம் பிடிப்பதில்லை. ஆனால் குற்றம் நீங்குவது வேறு. நஷ்டஈடு நீங்குவது வேறு. தவறுதலாக ஓர் உயிர் போய் விட்டாலும், இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டுமென அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் கட்டளையிடுகிறது. உயிருக்கே இப்படியென்றால் பொருளுக்குச் சொல்ல வேண்டுமா? இடித்தது கைப்பிசகு. சொல்லாமல் போனதுதான் பாவம்.

நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நடந்ததைப் பாருங்கள். அவர்களின் துணைவியர் ஒருவர் அனுப்பிய உணவுப் பாத்திரம், இன்னொரு துணைவியரின் வீட்டில் உடைந்து போனது. நாயகம் (ஸல்) அவர்கள் சிதறிய துண்டுகளைத் தம் கையால் சேர்த்தார்கள். பணியாளை வெறுங்கையுடன் அனுப்பாமல், உடைந்ததற்குப் பதிலாக நல்ல பாத்திரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. ஒரு பாத்திரத்துக்கே இவ்வளவு கவனம்!

உண்டியலில் போட்ட பணம்? அது அவருடைய ஸதகா. கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால் காரின் சொந்தக்காரருக்கு அதிலிருந்து ஒரு காசும் போய்ச் சேரவில்லையே! பாவமன்னிப்புக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பாவத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வது. அடியானின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக, அந்த உரிமையை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியுள்ளார்கள்.

சிலர் தயங்குவர்: "கார்க்காரர் நம்மவரில்லையே!" சகோதரர்களே, உடன்படிக்கையின் கீழ் வாழும் மாற்று மதத்தவருக்கு அநீதி செய்பவனுக்கு எதிராக, மறுமையில் நானே வழக்காடுவேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நமக்காகப் பரிந்து பேச வேண்டியவர்களே நமக்கு எதிராக நின்றால் நாம் எங்கே போவோம்?

ஆகவே செய்ய வேண்டியது என்ன? இடித்த இடத்திலேயே நிற்க வேண்டும். உரியவர் இல்லையென்றால் பக்கத்துக் கடையில், கம்பெனி வாட்ச்மேனிடம் விசாரிக்க வேண்டும். பெயரும் போன் நம்பரும் எழுதிக் கண்ணாடியில் செருக வேண்டும். வண்டி முதலாளியுடையதாக இருந்தால் அவரிடமும் மறைக்கக் கூடாது. அடிதடி நேருமென்ற பயமிருந்தால் நேரே போலீஸ் நிலையம் செல்லலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவும், பிறர் சொத்துக்குச் சேதம் நேர்ந்து அங்கே போலீஸ்காரர் இல்லாவிட்டால், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நிலையத்தில் தெரிவிக்கும்படி சொல்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் தர வேண்டும்.

ஓடி வந்து விட்டவர் திரும்பிப் போக வேண்டும். பல நாள் ஆகியிருந்தாலும் போக வேண்டும். கையில் பணமில்லையேல் தவணை கேட்கலாம். எவ்வளவு தேடியும் உரியவர் கிடைக்காவிட்டால் மட்டுமே, அவருக்காக நிய்யத்து வைத்து அத்தொகையை ஏழைகளுக்கு ஸதகா செய்யலாம். பின்னாளில் அவர் வந்து கேட்டால் கொடுக்கும் பொறுப்பு அப்போதும் இருக்கிறது. தர்மத்துக்கு இங்கே இடமுண்டு. ஆனால் அது கடைசி இடம்.

"வேலை போயிட்டா?" என்றார் வாலிபர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அந்தப் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் தொழுகை, நோன்பு, ஜகாத்து எல்லாவற்றுடனும் வந்து, பிறர் பொருளைத் தின்றதற்காக நன்மைகளையெல்லாம் அவர்களிடம் இழந்து நிற்கும் முஃப்லிஸைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை அவருக்கு நினைவூட்டினேன். "தம்பி, இங்கே ரூபாயில் தீரும். அங்கே தொழுகையைத்தான் கொடுக்க வேண்டி வரும்" என்றேன்.

மறுநாள் மாலை அவர் போனார். வாட்ச்மேன் அடையாளம் காட்டினார். கார்க்காரர் மாற்று மதச் சகோதரர், நன்றாகவே திட்டினாராம். மெக்கானிக் பில்லில் ஒரு ரூபாய் கூடக் குறைக்கவில்லை. இரண்டு தவணைக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். வேலை போகவில்லை, ஆனால் முதலாளியிடமும் ஏச்சு வாங்கினார். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லலை ஹஜ்ரத்" என்று வருந்தினார். மன்னிப்பது அவர் உரிமை. கொடுப்பது நம் கடமை. அவர் தம் உரிமையைக் கேட்டார். நீர் உம் கடமையைச் செய்தீர். இரண்டாம் தவணையை மறந்து விடாதீர் என்றேன்.

யாரும் பார்க்கவில்லை என்று நாம் நகர்ந்து விடும் இடத்திலெல்லாம் பார்த்துக் கொண்டிருப்பவன் அல்லாஹ். பிறர் உரிமை ஏதும் நம் கழுத்தில் தொங்காத நிலையில் அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக! ஆமீன்.