டிரைவரை மாற்றலாமா?

பாடி மேம்பாலத்தில் கார் ஏறும்போது அம்பத்தூர்ச் சிநேகிதர், "டிரைவரை மாற்றப் போகிறேன், ஸார்! 60,000 ரூபாய்" என்றார். ஓட்டிக்கொண்டிருந்த ஆவடிக்காரரை நினைத்து எனக்குப் பகீரென்றது. பிறகுதான் விளங்கிற்று: நந்தனம் மைதானத்தில் அவர் ஆடும் கோல்பில், முதல் அடிக்கு ஓங்கும் மட்டைக்கும் அதே பெயராம்!

அதன் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாதென்று 2004 முதல் விதி. பந்து துள்ளும் வேகத்துக்கும் வரம்பு உண்டு. அப்புறம் புதியது என்ன அதிகமாகச் செய்துவிடும்? பிசகிய அடியைக் கொஞ்சம் சரிக்கட்டும், அவ்வளவுதான்.

"சந்தோஷத்துக்குக் கணக்கு உண்டா?" என்றார். நியாயந்தான்; வேண்டாத பேனாக்களை வாங்கிக் குவிக்கிறவன் நான். ஆனால், முன்சீட்டுக்காரருக்குச் சம்பளம் உயர்த்தி மூன்று வருஷமாயிற்றென்று சிநேகிதரே போன வாரம் சொல்லியிருந்தார். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவரை வைத்துக்கொண்டு பேசுவது நாகரிகமில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

இறங்கும்போது கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான்.