யாரென்று தெரியாத கிழவர்

'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களுக்குப் படம் முடிந்த பிறகுதான் வேட்டையே ஆரம்பம். 2005இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' படத்தில், இசையரங்கின் வாசலில் நீல முகத்தோடு நிற்பவர் அந்த அண்டத்தையே படைத்த ஜார்ஜ் லூகாஸ். 2015இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில் கதாநாயகியின் தளையை அவிழ்த்துவிட்டுப் போகும் கவச வீரன், ஜேம்ஸ் பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க். கடைசிவரை தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. படைத்தவனே தன் படைப்புக்குள் மாறுவேடத்தில் நுழைவது நமக்குப் புதிதல்ல, புராணங்கள் பாதிக்கு மேல் அதுதான். ஆனால் அங்கே வருகிறவனை அடையாளம் கண்டால்தான் பயனா? இல்லை என்றே திருத்தணி சொல்வதாக எனக்குப் படுகிறது.

அந்த மலையோடு ஒட்டிய இரண்டு கதைகளிலும் வருகிறவர் ஒரு கிழவர். கந்தபுராணத்தில் முருகன் வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, கடைசியில் தள்ளாத கிழவனாகத் தினைப்புனத்துக்குள் நுழைகிறான். வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்டு வாங்கித் தின்கிறான். அவளை மணந்த பிறகு வந்து தங்கும் இடம் தணிகை, அதாவது திருத்தணி. இன்னொன்று முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) கதை. காசியிலிருந்து திரும்பியவர் இம்மலையில் தியானத்தில் இருக்கையில், ஒரு கிழவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டுவிட்டு மறைந்தாராம். உடனே மாயாமாளவகௌளை ராகத்தில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' கிருதி பிறந்தது. அங்கே வாங்கித் தின்றவர் இங்கே ஊட்டிவிடுகிறார். லூகாஸைக் கண்டு மகிழ வேண்டுமென்றால் அவர் முகம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்கு அது கூட்டத்தில் ஒரு நீல முகம், அவ்வளவுதான். கற்கண்டு அப்படியல்ல. கொடுத்தவர் யாரென்று கடைசிவரை தெரியாமலே போயிருந்தாலும் அது இனித்திருக்கும்.

இதெல்லாம் கதைதானே, சாட்சி யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீட்சிதர் குடும்பத்து வழிவந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் தெலுங்கில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' நமக்குப் பெரிய ஆதாரம். ஆனால் அது தீட்சிதர் மறைந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து வந்த நூல். கிழவருக்குச் சாட்சி இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாட்டுக்குச் சாட்சி உண்டு. எட்டு வேற்றுமைகளிலும் குருகுகனாகிய முருகன்மேல் கிருதிகள். அதன் பிறகும் வாழ்நாள் முழுக்க அதே 'குருகுஹ' முத்திரை. சாகித்தியத்தில் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் தன் பெயரை விட்டுவிட்டு அவர் வைத்தது சுவாமியின் பெயரை. மதத்தின் வேர் கோட்பாட்டில் இல்லை, அனுபவத்தில் இருக்கிறது என்று வாதிட்ட தத்துவ அறிஞர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்ததும் இதே ஊரில்தான். அனுபவம் வந்தவர் யாரென்று நிரூபிப்பதில்லை, பெற்றவருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் காட்டும். என் வாதத்துக்கு அது போதும்.

வள்ளி கதைதான் சங்கடம். கிழவன் கெஞ்சிப் பார்த்தும் அவள் இணங்காதபோது அண்ணன் விநாயகரை யானையாக வரவழைத்து அவளை மிரட்டுகிறான் முருகன். அவள் முற்பிறவியிலேயே அவனை வேண்டித் தவமிருந்தவள் என்று பக்தர்கள் சமாதானம் சொல்வார்கள். வந்தவன் யாரென்று தெரிந்துவிட்டால் செய்ததெல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் அந்தச் சமாதானத்தின் அடியில் கிடப்பது. இதை ஏற்காத ஒருவர் நம் மரபிலேயே இருக்கிறார். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் ஏ.பி. நாகராஜன் தானே எழுதி, தானே இயக்கி, தானே ஏற்ற வேடம் நக்கீரன். சிவாஜி பேசும் சிவனின் வசனம் நாகராஜனுடையது; அதை எதிர்த்து நிற்பவரும் அவரே. தன் படைப்புக்குள் நுழைந்த எத்தனையோ இயக்குநர்களில், கடவுளின் பாட்டிலேயே குற்றம் காணும் பாத்திரத்தைத் தனக்கென எடுத்துக்கொண்டவர் இவர். எதிரில் நிற்பவர் சிவன் என்று நெற்றிக்கண் திறந்து தெரிந்த பிறகும் நக்கீரன் தீர்ப்பை மாற்றவில்லை. அந்தப் பெயரில்தான் திருமுருகாற்றுப்படையும் வழங்குகிறது. அதன் குன்றுதோறாடலைத் தணிகையோடு சேர்த்துச் சொல்வது மரபு. அந்த மலையில் நின்றுகொண்டே, யானையை ஏவியது தப்பு என்று முருகனிடம் சொல்ல பக்தனுக்கு இடம் உண்டு.