உறங்குபவனின் குற்றம் யாருடையது?

நம்மிடம் குர்ஆன் ஓத வரும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், ஒருநாள் காலை கன்னம் வீங்கிய நிலையில் வந்தான். காரணம் வினவினோம். “அத்தா அடித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை, ஹஜ்ரத்” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. முந்தின இரவு அவன் உறக்கத்திலேயே எழுந்து, தாழ்ப்பாளை நீக்கி, அண்டை வீட்டுத் திண்ணைவரை நடந்து, அங்கிருந்த தண்ணீர்ப் பானையைத் தள்ளி உடைத்துவிட்டான். வெட்கமும் சினமும் மேலிட்டு அடித்துவிட்டதாக அவன் தந்தையார் இஷாவுக்குப் பின் நம்மிடம் கூறினார். “இது பிள்ளையின் சேட்டையா, ஷைத்தானின் வேலையா?” என்பது அவர் கேள்வி.

நமக்கோ வேறொரு வினா எழுந்தது. தான் அறியாமல் செய்த ஒன்றுக்கு மனிதன் எவ்வளவு பொறுப்பாளி?

உறங்குபவன் விழிக்கும்வரையும், சிறுவன் பருவமடையும்வரையும், சித்தம் பேதலித்தவன் தெளிவு பெறும்வரையும் அவர்களின் செயல்களைப் பதியும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற நபிகளாரின் அறிவிப்பை நாம் அறிவோம். உறக்கத்தில் நடக்கும் பிள்ளையோ அம்மூவரில் இருவராக நிற்கிறான்.

எனினும், பாவம் இல்லை என்பதால் விளைவும் இல்லை என்றாகிவிடாது. உறக்கத்தில் புரண்டு விழுந்து பிறர் உயிருக்கு இறுதி தேடியவனைப் பற்றி ஹனஃபி சட்ட நூல்கள் தனியே பேசுகின்றன. அதனை அவை வேண்டுமென்று செய்த கொலையாகக் கொள்ளவில்லை, ஒன்றுமில்லையென்று விட்டுவிடவுமில்லை. தவறுதலாக நேர்ந்ததற்கு ஒப்பாகக் கருதி, ஈட்டுத்தொகையை விதித்தன. குற்றம் வேறு, ஈடு வேறு என்ற நுட்பம் இங்கே விளங்குகிறது.

இக்காலத்து நீதிமன்றங்களும் இதனை எதிர்கொண்டுள்ளன. கனடா நாட்டில் 1987-ஆம் ஆண்டு ஒருவர் உறக்கத்திலேயே எழுந்து, காரோட்டிச் சென்று, தம் மாமியாரைக் கொன்றார். தன்னறிவின்றி நிகழ்ந்ததென்று அவர் விடுவிக்கப்பட்டதை, 1992-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

மருத்துவர்கள் கூறுவதும் இதற்கு அரணாகிறது. உறங்கிய முதல் சில மணி நேரத்தில், ஆழ்ந்த துயிலின்போது, மூளை பாதி விழித்தும் பாதி உறங்கியும் இருக்கும் நிலையே இது. கண் திறந்திருக்கும், காலையில் நினைவிருக்காது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். தூக்கக் குறைவு, காய்ச்சல், மனக்கலக்கம் ஆகியவை இதனைத் தூண்டும்; ரமலானில் ஸஹருக்கு எழும் வீடுகள் இதனை நினைவிற் கொள்க. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பருவ வயதோடு இது நீங்கிவிடும்.

ஆகவே பிள்ளைமீது இல்லாத பொறுப்பு, விழித்திருக்கும் நம்மீது வந்து சேர்கிறது. நேரத்தோடு உறங்கச் செய்தல் வேண்டும். மாடியில் படுக்க வைத்தல் ஆகாது. வாசற்கதவில் எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும்; கிணற்றடிக்கும் படிக்கட்டுக்கும் தடுப்பு வேண்டும். நடக்கக் கண்டால் உலுக்கவோ கத்தவோ செய்யாமல், தோளைத் தொட்டு மெல்லப் படுக்கைக்குத் திருப்புதல் போதும். ஒரே நேரத்தில் எழும் வழக்கமிருப்பின், அதற்குக் கால்மணி முன்னதாக மெல்ல எழுப்பி மீண்டும் உறங்கவைப்பதைச் சில வாரங்கள் செய்து பார்க்கலாம். ஒரே இரவில் பலமுறை நேர்ந்தாலும், கைகால் வெட்டினாலும், பலத்த குறட்டை இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுதல் கடமை. ஓதி ஊதுவதை நாம் தடுக்கவில்லை. ஆயினும் ஓதிய வாயோடு தாழ்ப்பாளையும் போடுக என்கிறோம்.

மற்றொன்றும் உண்டு. பிள்ளையின் இரவு பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை மறுநாள் உறவினர் நடுவே சிரிப்புக்குரிய கதையாக்குவது, அவனறியாத ஒன்றுக்கு அவனை நாணச் செய்வதாகும். உறங்கவே அஞ்சும் பிள்ளைக்கு உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் நடையும் மிகும்.

இவற்றையெல்லாம் கேட்ட அத்தந்தை, பானையின் விலையை அன்றே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நன்று என்றோம். பானை உடைந்தபோது மகன் உறங்கிக்கொண்டிருந்தான். அவன்மீது எழுதுகோல் உயர்ந்திருந்தது. கன்னத்தில் அறைந்தபோது அவரோ விழித்திருந்தார். அந்தக் கடன் இன்னும் அடைபடவில்லை என்று நினைவூட்டினோம். அவர் தலைகுனிந்து எழுந்து, நேரே வீடு நோக்கி நடந்தார்.