எரியாத விளக்கு

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பது, டயரை உதைத்துப் பார்ப்பது எல்லாம் அப்புறம். முதலில் சாவியைப் போட்டு ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். ஸ்டார்ட் பண்ணாதீர்கள். டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கும், பேட்டரி விளக்கும் எரிய வேண்டும். எரிந்தால் பயமில்லை. எரியாவிட்டால்தான் பயப்பட வேண்டும்!

விஷயம் இதுதான். இன்ஜினில் ஆயில் பிரஷருக்கென்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. இன்ஜின் ஓடாதபோது பிரஷர் கிடையாது. சுவிட்ச் எர்த் ஆகி விளக்கு எரியும். ஓட ஆரம்பித்ததும் பிரஷர் ஏறி, விளக்கு அணையும். அதாவது, ஒவ்வொரு காலையும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லிவிட்டுத்தான் அது மௌனமாகிறது.

எரியவே இல்லையென்றால்? எலெக்ட்ரீஷியன் சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றி இன்ஜின் இரும்பில் தொடுவார். விளக்கு எரிந்தால், சுவிட்ச் போச்சு. அப்பவும் எரியலைன்னா வயர், ஃப்யூஸ், இல்லாவிட்டால் பல்பு.

சில கார்களில் பல்பே இருக்காது. ஓடும்போதும் அணையாமல் எரிந்து மானத்தை வாங்குகிறதே என்று, விற்பதற்கு முன்னால் யாரோ பிடுங்கியிருப்பார்கள். கேட்டால், ‘‘நான் பொய்யே சொல்லலையே சார்! நீங்க கேட்கலை, நான் சொல்லலை!’’

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா வகுப்பில் வந்த குதிரை ஞாபகம் இருக்கும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. ஏலத்தில் குதிரை விற்கிறவருக்கு அதன் கோளாறு தெரியும். ஆனால், வாயைத் திறக்கவில்லை. மோசடியா? இல்லை என்கிறது சட்டம். (மனசாட்சி என்ன சொல்லும் என்பது வேறு விஷயம்.) ஆனால், ஏமாற்றும் எண்ணத்தோடு, தெரிந்த உண்மையை வேலைமெனக்கெட்டு மறைத்தால் அது மோசடி என்கிறது அதே பிரிவு. தன் வாயை மூடிக்கொள்வது ஒன்று. உண்மையைச் சொல்லவென்றே இருக்கிற இன்னொன்றின் வாயை அடைப்பது வேறு. பொய் சொன்னவரைக்கூட குறுக்கு விசாரணை செய்துவிடலாம். பிடுங்கிப்போட்ட பல்பை என்ன கேட்பது? வாங்கியவர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பார், ஒருநாள் நடுரோட்டில் இன்ஜின் சீஸ் ஆகி நிற்கும்வரை.

விற்றவரைத் திட்டுவது சுலபம். நம்ம டேஷ்போர்டையும் ஒரு தடவை பார்த்துவிடுவோமே! ‘‘கலெக்‌ஷன் சரியில்லை சார்’’ என்ற அக்கவுன்டன்ட்டுக்கு எல்லார் எதிரிலும் செம டோஸ். ‘‘இந்த மாசம் பணம் பத்தாதுங்க’’ என்ற மனைவியிடம் எரிச்சல். ‘‘மேத்ஸ் புரியலைப்பா’’ என்ற பையனுக்கு முதுகில் ஒன்று. அப்புறம் ஒரு விளக்கும் எரியாது. ‘எங்க வீட்ல பிரச்னையே கிடையாது’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவோம். இந்த வியாபாரத்தில் பல்பைப் பிடுங்கியவரும் நாமே, ஏமாந்து ஓட்டுபவரும் நாமே!

பேச முடிந்தவர்கள் பேசாமலிருந்தால்தான், அது நல்ல சேதி. எனவே, இன்று ராத்திரி சாப்பிடும்போது சாவியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ‘‘ஏதாவது சரியில்லையா? சொல்லு, கோபப்பட மாட்டேன்’’ என்று கேளுங்கள். சொன்னபடி கோபப்படாமலும் இருங்கள்.

ஏதோ ஒரு சிவப்பு விளக்கு எரிகிறதா? சந்தோஷப்படுங்கள். பல்பு இன்னும் இருக்கிறது!